பூவிருந்தவல்லிச் சாலையில் ஓர் இயங்கியல் பாடம்

இயற்பியலில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் முதலில் அஞ்சும் பகுதி எதுவென்று கேட்டால், பெரும்பாலோர் இயங்கியல் என்றே விடை கூறுவர். இதில் ஒரு விந்தை உண்டு. அணுவின் அமைப்பை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். விசையையும் இயக்கத்தையுமோ தவழும் பருவம் முதலே உடம்பால் அறிந்திருக்கின்றனர். அதனைப் பாடமாகக் கண்டதும் மருளுகின்றனர். சென்னீர்குப்பத்து மாணவன் ஒருவன் காலையில் தெருவுக்கு வந்து நின்றால் போதும். பூவிருந்தவல்லி – ஆவடி சாலையில் பேருந்தும் சரக்குந்தும் மிதிவண்டியும் செல்கின்றன. தெற்கே சிறிது தொலைவில் பெங்களூரு நெடுஞ்சாலை. வடக்கே ஆவடியில் இருப்புப்பாதையும், போர் ஊர்திகள் செய்யும் ஆலையும் உள்ளன. இப்பாடத்திற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் அவன் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கின்றன.

தமிழ்த்துறை மலரில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். இயங்கியலின் இடர்ப்பாடு பாதிக்கு மேல் சொற்களில்தான் உள்ளது என்பதே என் விடை. கணக்கு கடினமானதன்று, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். நாள்தோறும் வழங்கும் சொற்களுக்கு இயற்பியல் தனிப்பொருள் கொடுத்துவிடுவதே மாணவனைக் குழப்புகிறது.

'முடுக்கம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மாட்டை முடுக்கினான் என்பது வண்டிக்காரர் வழக்கு. மெல்ல நடக்கும் மாட்டை விரைந்து நடக்கச் செய்வதே முடுக்குதல். திசைவேகம் மாறும் வீதத்திற்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. 'உந்தம்' உந்துதலிலிருந்து வந்தது. 'நிலைமம்', இருக்கும் நிலையை விடாமை. 'விசை' பழந்தமிழிலேயே உண்டு. இன்று விசைத்தறி, விசைப்படகு என்று எங்கும் வழங்குகிறது. இச்சொற்களின் வேரை ஒருமுறை எடுத்துக் காட்டிவிட்டால் வரையறையை மனப்பாடம் செய்யும் தேவை பெரிதும் குறைந்துவிடும். நம் வகுப்பறைகளில் வரையறையே முதலில் வருகிறது, பொருள் பின்னர் வருகிறது, சில வேளை வராமலே போகிறது.

ஆயினும் எல்லாச் சொற்களும் இவ்வளவு இணக்கமானவையல்ல. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிறை' என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. புவி அதனை ஈர்க்கும் விசை 'எடை'. கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால், அங்கே முன்னதற்குத் 'திணிவு' என்று பெயர், பின்னதே 'நிறை'. நம்முடைய முடுக்கம் அவர்களுக்கு 'ஆர்முடுகல்'. நம் நிலைமம் அவர்களுக்குச் 'சடத்துவம்'. நாம் திசைவேகம் என்பதை அவர்கள் 'வேகம்' என்பர். நாம் வேகம் என்பதை அவர்கள் 'கதி' என்பர். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பு முடித்து இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவன், தமிழிலேயே படித்தும், நிறைக்கு எடையையும் எடைக்கு நிறையையும் எழுதி மதிப்பெண் இழப்பது இயல்பு. பொருள் தெரிந்த மாணவன், சொல்லால் தோற்கிறான். இரு கரையினரும் கூடிப் பேசித் தீர்க்க வேண்டியது இது. 'திணிவு' என்னும் சொல்லையே இங்கும் ஏற்றிருக்கலாம் என்பது என் கருத்து. சந்தையில் நிறை என்றாலும் எடை என்றாலும் மக்களுக்கு ஒன்றே.

இனிப் பேருந்தில் ஏறுவோம்.

ஓடும் பேருந்தை ஓட்டுநர் திடீரென நிறுத்துகிறார். நிற்பவர்கள் முன்னோக்கிச் சாய்கின்றனர். "பிரேக் போட்டுத் தள்ளிவிட்டார்" என்று ஒருவர் சினக்கிறார். யார் தள்ளியது? பின்னாலிருந்து எவரும் தள்ளவில்லை. எந்த விசையும் அவரை முன்னோக்கி உந்தவில்லை. பேருந்து ஓடியபோது அவரும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பேருந்தை நிறுத்தச் சக்கரங்களில் விசை செயற்பட்டது. அவர் கால்களை உராய்வு பற்றி நிறுத்தியது. மேலுடம்பை நிறுத்த எதுவும் இல்லை. ஆதலின் அது தன் வழியே சென்றது. புறவிசை ஒன்று செயற்படும் வரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டும், செல்லும் பொருள் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் சென்றுகொண்டும் இருக்கும் என்பது நியூட்டனின் முதல் விதி. நாம் 'தள்ளிவிட்டார்' என்று சொல்வது உண்மையில் 'என்னைச் சேர்த்து நிறுத்தத் தவறிவிட்டார்' என்பதாகும்.

இவ்விதி 1687இல் வெளிவந்த பிரின்சிப்பியா நூலில் திடீரெனத் தோன்றிவிடவில்லை. இயக்கம் நீடிக்க வேண்டுமாயின் இயக்குவோன் ஒருவன் இடைவிடாது வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. எறிந்த கல் கையை விட்ட பின்னும் ஏன் செல்கிறது என்னும் வினா அக்கொள்கையை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸ், எறிபவன் கல்லுக்குள் ஒரு திறனை ஏற்றிவிடுகிறான் என்றார். அது தானே தேய்ந்துவிடும் என்றும் கருதினார். இப்னு சீனா (980–1037) ஒரு படி மேலே சென்றார். அவர் 'மைல்' என்று பெயரிட்ட அந்நாட்டம் தானாகத் தேய்வதில்லை, காற்றைப் போன்ற புறத்தடையே அதனைத் தேய்க்கிறது என்று தம் ஷிஃபா நூலில் வாதிட்டார். அப்படியாயின் வெற்றிடத்தில் எறிந்த பொருள் நிற்கவே நிற்காதே என்னும் முடிவும் அவருக்குத் தோன்றியது. அம்முடிவை வைத்து அவர் வெற்றிடம் என்பதே இல்லை என்று நிறுவ முற்பட்டார் என்பது வேறு செய்தி. அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் கலிலியோ சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிப் பார்த்து, அதனையொத்த முடிவைத் தம் 1638ஆம் ஆண்டு நூலில் இயற்கையின் நடப்பாகவே ஏற்றுக்கொண்டார். ஒரே கருத்து ஓரிடத்தில் மறுப்புக்குச் சான்றாகவும், மற்றோரிடத்தில் அறிவியலின் அடித்தளமாகவும் நின்றது.

முதல் விதி, விசை இல்லாதபோது நடப்பதைச் சொல்லிற்று. விசை இருந்தால் எவ்வளவு முடுக்கம் உண்டாகும் என்பதை இரண்டாம் விதி அளந்து காட்டுகிறது. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. 1961இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதே ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியின் நிறை ஏறத்தாழ 58,500 கிலோகிராம். ஒரு விநாடியில் அதன் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் கூட வேண்டுமாயின் 58,500 நியூட்டன் விசை வேண்டும். மிதிவண்டியும் மாணவனும் சேர்ந்து 80 கிலோகிராம் எனில், அதே முடுக்கத்திற்கு 80 நியூட்டன் போதும். நிறை என்பது வேகத்தை மாற்றுவதற்குப் பொருள் காட்டும் தயக்கத்தின் அளவு என்பது இங்கே விளங்கும்.

முடுக்கம் வேகத்தைக் கூட்டுவது மட்டுமன்று. குறைப்பதும் முடுக்கமே, திசையை மாற்றுவதும் முடுக்கமே. உயிரைப் பற்றிய கணக்கு இங்குதான் உள்ளது. ஆதலின் சற்று நின்று பார்ப்போம்.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆகும் எனக் கொள்வோம். அந்த ஒரு விநாடியில் வண்டி 10 மீட்டர் சென்றுவிடும். பின்னர் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது எனில், நிற்பதற்குள் மேலும் 10 மீட்டர் செல்லும். வேகத்தின் இருமடியை, முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் இத்தொலைவு கிடைக்கும். மொத்தம் 20 மீட்டர். வேகத்தை இரட்டிப்பாக்கி 72 கிலோமீட்டர் ஆக்கினால் தொலைவு 40 மீட்டர் ஆகும் என்று மாணவர்கள் உடனே சொல்வர். கணக்கிட்டால் எதிர்வினைக்கு 20, பிரேக்கிற்கு 40, ஆக 60 மீட்டர். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் செல்லும் தொலைவு நான்கு மடங்காகிறது. மழைநாளில் உராய்வு பாதியாகக் குறைந்தால் அந்த 40, 80 ஆகும்.

இதனை வேறொரு வகையாலும் பார்க்கலாம். 20 மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் சாலையில் ஓடி வருகிறான். 36 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அவனைத் தொடுமுன் நின்றுவிடுவார். 54 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரின் நிலை என்ன? எதிர்வினைக்கே 15 மீட்டர் போய்விட்டது. எஞ்சிய 5 மீட்டரில் வேகம் 54இலிருந்து ஏறத்தாழ 48ஆகக் குறைந்திருக்கும். சிறுவன் மீது வண்டி மோதுவது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில். முதல் வண்டியைவிட 18 கிலோமீட்டர்தானே கூடுதல் என்று எண்ணுவோர் இக்கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

இருப்புப்பாதையின் கணக்கு இன்னும் கடியது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டபோது, ஆவடி வழியாகவே சென்றது. எஃகுத் தண்டவாளத்தின் மீது எஃகுச் சக்கரம் உருள்வதால் தடை மிகக் குறைவு. அதனால்தான் பெருஞ்சுமையைச் சிறு செலவில் இழுக்க முடிகிறது. அந்நன்மைக்கு விலையும் உண்டு. நிறுத்தும்போது பற்றிக்கொள்ளவும் உராய்வு போதாது. 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் தொடர்வண்டிக்கு விநாடிக்கு விநாடி 0.8 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது எனில், பிரேக் பிடித்த பின்னர் 250 மீட்டர் சென்றே நிற்கும். 100 மீட்டர் தொலைவில் ஒருவர் பாதையைக் கடப்பதை ஓட்டுநர் கண்டு, ஒரு விநாடியில் பிரேக் பிடித்தாலும், அவரை அடையும்போது வண்டியின் வேகம் ஏறத்தாழ 59 கிலோமீட்டர் இருக்கும். "பார்த்தும் நிறுத்தவில்லை" என்று ஓட்டுநரைப் பழிப்பவர் இரண்டாம் விதியைப் பழிக்கிறார்.

பேருந்துப் படிக்கட்டில் தொங்கிச் செல்லும் இளைஞருக்கும் ஒரு கணக்கு உண்டு. பேருந்து 36 கிலோமீட்டர் வேகத்தில் 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது. வேகம் மாறாவிடினும் திசை மாறுவதால் அது முடுக்கமே, அளவு 2.5. மாணவனும் பையும் சேர்ந்து 56 கிலோகிராம் எனில், அவனையும் பேருந்தோடு திருப்ப 140 நியூட்டன் விசை வேண்டும். கூட்டத்தில் படியின் விளிம்பில் நுனிக்கால் மட்டும் ஊன்றியவனுக்கு அவ்விசையின் பெரும்பங்கைக் கைதான் தர வேண்டும். 14 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்கு இணையான அப்பிடியை, வியர்த்த உள்ளங்கையும் மழையில் நனைந்த கம்பியும் தர வேண்டியுள்ளது. பிடி நழுவினால் பேருந்து அவனை வெளியே வீசுவதில்லை. பேருந்து திரும்பிவிடுகிறது, அவன் நேரே செல்கிறான்.

நிற்குமுன் குதிப்பவர் வீழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 18 கிலோமீட்டர் வேகம், 1.28 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகத்திற்குச் சமம். 36 கிலோமீட்டர் 5 மீட்டர் உயரத்திற்கும், 54 கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டர் உயரத்திற்கும் சமம். மூன்று மாடி வீட்டின் மேலிருந்து குதிக்கச் சொன்னால் எவரும் குதியார்.

தலைக்கவசமும் இதே கணக்கில் அடங்கும். வண்டி ஓடாமல் நின்றபடியே சாய்ந்தாலும், அமர்ந்திருப்பவரின் தலை விநாடிக்கு 5 மீட்டர் அளவு வேகத்தில் தரையை அடையும். வெறுந்தலை அரைச் சென்டிமீட்டருக்குள் நின்றுவிட நேர்ந்தால், 5 கிலோகிராம் தலையின் மீது 12,500 நியூட்டன் விசை செயற்படும். கவசத்தின் உள்ளேயுள்ள நுரைப்பஞ்சு இரண்டரைச் சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் அது 2,500 ஆகக் குறையும். மேலோட்டின் வலிமையைவிட உள்ளே நசுங்கும் அந்தப் பஞ்சே பெரிது. நெகிழிக் கிண்ணம் போன்ற மலிவுக் கவசத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காவலரை மட்டும் தப்புவோர் இதனை அறியார்.

மூன்றாம் விதியை எல்லோரும் சொல்வர்; புரிந்தவர் சிலரே. ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு. மாடு வண்டியை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ, அவ்வளவு விசையோடு வண்டியும் மாட்டைப் பின்னோக்கி இழுக்கிறது. அப்படியாயின் வண்டி நகர்வது எங்ஙனம்? வகுப்பில் இவ்வினாவை எழுப்பினால் நல்ல மாணவர்களும் தடுமாறுவர். விடை தரையில் உள்ளது. மாடு குளம்பால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தரை மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. வண்டி மாட்டைப் பின்னிழுக்கும் விசையினும் தரை முன்தள்ளும் விசை மிகுந்தால் மாடு முன்னேறும். விசையும் எதிர்விசையும் ஒரே பொருளின் மீது செயற்படுவதில்லை. ஆகவே ஒன்றையொன்று அழிப்பதுமில்லை. சேற்றில் மாடு எவ்வளவு வலிமை காட்டினும் வண்டி நகராதது இதனால்தான். மிதிவண்டியும் அப்படியே. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் ஆயினும், பள்ளியில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி ஆயினும், பின்சக்கரம் சாலையைப் பின்னே தள்ளச் சாலையே வண்டியை முன்னே தள்ளுகிறது. சாலையோரத்து மணலில் சக்கரம் வழுக்கும்போது அச்சாலை தன் உதவியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

நிறையும் எடையும் வேறு என்பதற்கு மாணவர்கள் பெரும்பாலும் நிலவை எடுத்துக்காட்டுவர். அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் சென்னையிலேயே சான்று உண்டு. 1672இல் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார், பாரிசில் சரியாக ஓடிய ஊசற்கடிகாரம் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனில் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். புவி முற்றும் உருண்டையன்று, அது சுழலவும் செய்கிறது. ஆதலால் நடுக்கோட்டுப் பகுதியில் பொருள்களின் எடை சற்றுக் குறையும். இதனைச் சென்னையில் அளக்க முனைந்தவர் நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தின் வானியலார் ஜான் கோல்டிங்காம். இன்று இராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மாளிகையைக் கட்டியவரும் அவரே. ஒரு விநாடிக்கு ஒருமுறை அசையும் ஊசலின் நீளம் சென்னையில் எவ்வளவு என்று 1821இல் அவர் ஆய்ந்து கண்டது ஏறத்தாழ 39.03 அங்குலம். இலண்டனில் கேட்டர் கண்டிருந்த நீளம் 39.14 அங்குலம். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கே வேறுபாடு. ஆயினும் இலண்டனில் சரியாக ஓடும் ஊசற்கடிகாரத்தை அப்படியே இங்குக் கொணர்ந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கும். அந்நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதன் மீது தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது.

இலண்டனில் 50 கிலோ காட்டும் சுருள்வில் தராசையும் மூட்டையையும் சென்னைக்குக் கொணர்ந்தால், முள் ஏறத்தாழ 49 கிலோ 850 கிராமில் நிற்கும். எடை குறைந்தது, அரிசி ஒரு மணியும் குறையவில்லை. மாறாக, இரு தட்டுத் தராசை இங்கும் அங்கும் வைத்தால் ஒரே விடை தரும். இரு தட்டையும் புவி ஒரே வீதத்தில் ஈர்ப்பதால் அது நிறையையே ஒப்பிடுகிறது. தராசின் நுட்பங்களுக்கென்றே 1121ஆம் ஆண்டளவில் மீஸானுல் ஹிக்மா என்னும் பெருநூல் எழுதிய அல்காஸினியும், ஒரு பொருளின் கனம் இடத்துக்கு இடம் மாறக்கூடும் என்று கருதியவரே. அவர் கூறிய காரணம் மட்டும் நியூட்டனுடையதன்று.

கோல்டிங்காமின் அளவையை வீட்டிலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். நூலில் ஒரு கல்லைக் கட்டி, கட்டுமிடத்திலிருந்து கல்லின் நடுவரை சரியாக ஒரு மீட்டர் இருக்குமாறு கதவு நிலையில் தொங்கவிடுக. சிறிதளவே விலக்கி விடுக. வீசி ஆட்ட வேண்டா. போய்வருவது ஓர் அலைவு. இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தால் குறித்து, இருபதால் வகுத்து, வந்ததை இருமடியாக்கி, அதனைக் கொண்டு 39.48ஐ வகுக்க. காற்றில்லாத அறையில் நேரம் 40 விநாடிகளுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்கு அருகில் கிடைக்கும். 9 என்றோ 11 என்றோ வந்தால் பெரும்பாலும் முதல் அலைவை எண்ணுவதில் பிழை நேர்ந்திருக்கும்: கல்லை விடும்போது 'ஒன்று' என்று தொடங்காமல், 'சுழி' என்று தொடங்க வேண்டும்.